சொல்லாத ஐடியாவுக்கு வெப்சைட் செய்வது

"தங்கச்சி, என்னட்ட ஒரு ஐடியா இருக்கு. இப்ப சொல்ல ஏலாது. நீங்க முதல்ல சைட்டைச் செய்து தாங்க, பிறகு சொல்றன்."

திருகோணமலையில் வெப்சைட் செய்து பிழைக்கிற எவருக்கும் இந்தப் பேச்சு புதிதில்லை. சொல்கிறவர் மாறுவார், ஐடியா மாறும், குரலைத் தாழ்த்துகிற விதம் மட்டும் மாறாது. கிழக்குக் கரையில் கடல் அடங்கி மே மாதமளவில் சீசன் தொடங்கும். அதற்கு முந்திய மாதங்களில் எனக்கு இப்படியான அழைப்புகள் கூடிவிடும். உப்புவெளியில் அறை வாடகைக்கு விடுகிறவர், நிலாவெளியில் படகு வைத்திருக்கிறவர், வெளிநாட்டில் உழைத்த காசோடு ஊருக்கு வந்து ஏதாவது தொடங்க நினைக்கிறவர் என்று பலர் வருவார்கள். எல்லாரிடமும் ஒரு ஐடியா இருக்கும். அதில் கனபேர் அதை எனக்குச் சொல்ல மாட்டார்கள். எனக்குக் கோபமும் வரும், அவர்களை நினைத்துக் கவலையும் வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு என் வேலை நிறமும் எழுத்தும் படமும்தான். அதை முடித்துவிட்டால் ஐடியாவைப் பிறகு உள்ளே போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் நிறம் தெரிவு செய்வதற்கு எவ்வளவோ முன்னால் நான் சில விஷயங்களைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. போன் திரையில் முதலில் கண்ணில் படுவது எது, அதற்குக் கீழே எது, எதைப் போடாமலே விடுவது என்பவை அவை. யார் இந்தப் பக்கத்தைத் திறக்கப்போகிறார், எந்த நேரத்தில், என்ன தேவைக்கு, பார்த்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இதைத் தீர்மானிக்க முடியாது. இவற்றை மறைத்துவிட்டு "நல்ல வடிவா ஒண்டு செய்து தாங்க" என்றால், யாருக்கு என்று தெரியாமல் சட்டை தைப்பது போலத்தான். துணி நல்லதாக இருக்கலாம், தையலும் நல்லதாக இருக்கலாம், போடுகிறவருக்குப் பொருந்தாது.

படகுக்காரர் ஒருவரின் வேலையைச் சொன்னால் இது விளங்கும். நிலாவெளிப் பக்கம் படகு விடுகிற ஒரு அண்ணா அவர். உட்துறைமுக வீதியில் ஒரு தேநீர்க் கடையில் இருந்து கதைத்தோம். பக்கத்து மேசையில் யாராவது வந்து இருந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அவருக்கு வேண்டியதாகச் சொன்னது ஒரு படிவம், ஒரு வரைபடம், உள்ளே நுழைய ஒரு பாஸ்வேர்ட். படிவத்தில் பேர், போன் நம்பர், திகதி, எத்தனை பேர். "வேற என்ன அண்ணா வேணும்?" என்று கேட்டால், "இப்போதைக்கு இது காணும். மிச்சம் பிறகு."

சொன்னதை வைத்து ஒன்று செய்து காட்டினேன். "வடிவா இருக்கு பிள்ளை, ஆனா இது இல்லை" என்றார். மாற்றிக் காட்டினேன். அதுவும் இல்லை. எது இல்லை என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஐடியாவையே சொல்வதாகிவிடுமே. அவர் நல்ல மனிசன், காசு விஷயத்தில் நேர்மையானவர், அட்வான்ஸும் தந்திருந்தார். இருந்தும் ஒவ்வொரு முறை கதைத்து முடிக்கும்போதும் இரண்டு பேருக்கும் மனம் கசந்தது. இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியாது என்று அவர் நினைத்திருப்பார். எனக்கோ, காதைப் பொத்திக்கொண்டு ஒருவரோடு கதைக்கிற மாதிரி இருந்தது.

கடைசியில் அவருடைய மனைவிதான் ஒரு நாள் போன் எடுத்தார். "அவர் சொல்ல மாட்டார் பிள்ளை. நான் சொல்றன், கேளுங்க."

விஷயம் இதுதான். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத்தீவுக்குப் போகிற படகை முழுதாகப் பிடிக்கக் குடும்பமாகவோ கூட்டமாகவோ வருகிறவர்களால் முடியும். இரண்டு பேராக வருகிறவர்கள் வாடகையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அதே காலையில் பாதி ஆளோடு போகிற படகும் இருக்கிறது. நாளைக் காலைக்கு எந்தப் படகில் எத்தனை இடம் மிச்சம் என்று முதல் நாள் பின்னேரமே ஒரு பக்கத்தில் தெரிந்தால், அந்த இரண்டு பேரும் அதில் சேர்ந்துகொள்ளலாம். அவ்வளவுதான் ஐடியா. எனக்குக் கேட்டவுடனேயே பிடித்துவிட்டது.

அந்த ஒரு போனோடு முழு வேலையும் திரும்பியது. ஏனென்றால் இந்தப் பக்கத்துக்கு முக்கியமான ஆள் அறைக்குள் இருந்து படிவம் நிரப்புகிற சுற்றுலாப் பயணி இல்லை. மணலில் நிற்கிற படகோட்டி. இரண்டு பேர் வந்து சேர்ந்தவுடன் அவர்தான் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அவருடைய கை உப்புத் தண்ணீரில் நனைந்திருக்கும். தலைக்கு மேல் வெயில். போன் கண்ணாடியில் வெடிப்பு. இவருக்கு வரைபடமும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் அடிக்கிற பாஸ்வேர்டும் வேண்டாம்.

நான் பிறகு செய்த பக்கம் இப்படி இருந்தது. மேலே படகின் பெயர். நடுவில் ஒரே ஒரு எண், மிச்சமிருக்கிற இடம், திரையின் பாதியைப் பிடிக்கிற அளவில். இடது ஓரத்தில் கழித்தல், வலது ஓரத்தில் கூட்டல், இரண்டும் பெருவிரல் அளவுக்கு மேல். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. சாம்பல் நிறத்தை எங்குமே விடவில்லை, வெயிலில் அது மறைந்துபோகும். திரையில் தண்ணீர்த் துளி விழுந்தால் போன் அதையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு பட்டன்களையும் தூரத் தூர வைத்து, அமத்தியவுடன் "பிழையா? திருப்பு" என்று ஒரு வரி கொஞ்ச நேரம் நிற்கிற மாதிரிச் செய்தேன். கீழே "கடல் சரியில்லை" என்று தனியாக ஒரு பட்டன். அதை அமத்தினால் அந்தப் படகில் பெயர் கொடுத்த எல்லாருக்கும் தகவல் போய்விடும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். விலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரியும் வந்தது. புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடம். வனஜீவராசிகள் திணைக்களத்துக்குத் தனியாக நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். படகுக் காசுக்குள் அது அடங்காது என்று முன்கூட்டியே தெரியாததால்தான் கரையில் அரைவாசிச் சண்டை வருகிறது என்று அந்த அண்ணாவின் மனைவிதான் சொன்னார்.

பேர், போன் நம்பர், திகதி என்ற படிவத்தில் இருந்து இவற்றில் ஒன்றைக்கூட நான் ஊகித்திருக்க முடியாது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் முடியாது.

அந்த அண்ணாவின் பயத்தை நான் குறைவாக எடைபோடவில்லை. இந்த ஊரில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு தெருவில் ஒருவருடைய கடை கொஞ்சம் ஓடத் தொடங்கினால், அடுத்த சீசனுக்குள் எதிர்ப்பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று வந்துவிடும், சில நேரம் பெயர்ப் பலகையின் நிறம்கூட மாறாமல். பேஸ்புக்கில் தன் கையால் எடுத்த படங்களை இன்னொருவர் தன்னுடையதாகப் போட்டு ஓடர் எடுப்பதைப் பார்த்து அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். எங்கள் தொழில் செய்கிறவர்கள் மேலும் பிழை இருக்கிறது. ஒரு விடுதிக்குச் செய்த வடிவத்தை லோகோவை மட்டும் மாற்றி அடுத்த விடுதிக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கஸ்டமர் சொன்ன திட்டத்தை அடுத்தவரிடம் "இப்படியும் செய்யலாம் அண்ணா" என்று எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் அடிபட்டு வந்தவர் என்னிடம் வாயைத் திறக்க யோசிப்பது நியாயம்தான். அந்த நம்பிக்கையைத் திரும்ப உண்டாக்குவது என் வேலையின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

ஆனால் எதை மறைக்கிறோம், மறைத்தால் பலன் உண்டா என்பதையும் யோசிக்க வேண்டும். எங்கள் நாட்டில் இதற்கு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. நீங்கள் எழுதிய வாசகம், எடுத்த படம், வரைந்த லோகோ எல்லாவற்றுக்கும் பதிப்புரிமை உண்டு, அதற்காக எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. வெறும் எண்ணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதே சட்டம் சொல்கிறது. "படகில் மிச்ச இடத்தைக் காட்டுவது" என்ற எண்ணத்தை ஒருவர் தனக்கு மட்டும் என்று பூட்டி வைக்க முடியாது.

அதோடு, வெப்சைட் என்பதே எல்லாரும் பார்க்கப் போடுகிற ஒன்று. திறந்த அன்றைக்கே உங்கள் போட்டிக்காரர்தான் முதலில் பார்ப்பார். கணினியில் பக்கத்தை வலது கிளிக் செய்து மூலத்தைக் காட்டச் சொன்னால், அதைக் கட்டிய எச்டிஎம்எல் குறியீடு அவருக்கு முன்னால் விரியும். இந்த வலையே அப்படித் திறந்து கொடுக்கப்பட்ட ஒன்றுதான். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள சேர்ன் ஆய்வுகூடம் 1993 ஏப்ரல் 30 ஆம் திகதி வேர்ல்ட் வைட் வெப் மென்பொருளை எவரும் இலவசமாகப் பாவிக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. அப்படி விட்டதால்தான் நானும் நீங்களும் இன்றைக்கு அதில் உழைக்கிறோம். முந்திக்கொண்டவர்தான் வெல்வார் என்பதும் சரியில்லை. கூகுள் 1998 இல் கம்பனியாகத் தொடங்கும்போது ஆல்டாவிஸ்டா தேடுபொறி வந்து கிட்டத்தட்ட மூன்று வருஷம். 2004 இல் பேஸ்புக் வரும்போது அதே மாதிரியான பிரண்ட்ஸ்டரும் மைஸ்பேஸும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. அந்த அண்ணாவின் திட்டத்தை நாளைக்கு வேறொருவர் பார்த்து அப்படியே செய்யலாம். ஆனால் கரையில் உள்ள படகுக்காரர் ஒவ்வொருவரோடும் போய்க் கதைத்து, தினமும் பின்னேரம் எண்ணிக்கையை மாற்ற வைக்கிற பழக்கம் அவரிடம்தான் இருக்கிறது. அதை யாரும் கொப்பி அடிக்க ஏலாது.

சிலர் கையெழுத்துக்கு ஒரு பேப்பரோடு வருவார்கள். இரகசியம் காப்பேன் என்ற ஒப்பந்தம். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இணையத்தில் இருந்து இறக்கிய பேப்பரை வாசித்துப் பார்க்காமல் கொண்டுவருவது வேறு விஷயம். ஒருவர் தந்த ஒப்பந்தத்தில், பிணக்கு வந்தால் கலிபோர்னியா மாநில நீதிமன்றத்தில் தீர்ப்பது என்று இருந்தது. அவர் இருப்பது உவர்மலையில், நான் இருப்பது அதற்கு ஓட்டோவில் போகிற தூரத்தில். இப்போது நானே தமிழில் ஒரு பக்கத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்வதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், சைட் திறக்கும்வரை என் வேலை மாதிரிகளில் காட்ட மாட்டேன், நீங்கள் தந்த கோப்புகளை வேலை முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள் அழித்துவிடுவேன், இதே வகையான வேலையை இதே ஊரில் இன்னொருவர் கேட்டால் முதலில் உங்களிடம் சொல்வேன் என்று அதில் இருக்கிறது. அதை வாசித்துவிட்டு நிம்மதியாகப் பேசத் தொடங்கியவர்கள் நிறையப் பேர்.

உண்மையிலேயே மறைக்க வேண்டியதை மறைக்கத் தெரிந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். கருவாடு விற்கிற ஒரு அக்கா. கொழும்புக்கும், ஆக்கள் போய்வரும்போது லண்டனுக்கும் அனுப்புகிறவர். முதல் நாளே எல்லாம் சொன்னார்: என்னென்ன மீன், கிலோ என்ன விலை, எத்தனை கிராம் பொதி, மணம் வெளியே வராமல் எப்படிக் கட்டுவது, எந்த மாதத்தில் எது வராது, யார் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள், அவர்கள் என்ன முறைப்பாடு சொல்வார்கள். எங்கே மீன் எடுக்கிறார், எடுக்கிற விலை என்ன, உப்பு எந்தக் கணக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அது தேவையும்படவில்லை. மாரி மாதங்களில் மழையால் காய வைக்க முடியாது என்பதைச் சொன்னார், அதனால் "இப்ப இல்லை, தை மாதம் வரும்" என்று காட்டுகிற வசதியை முதலே வைத்தேன். அந்த வேலை சண்டை இல்லாமல் முடிந்தது. ஒரு தொழிலில் எது வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியது, எது தனக்குள் இருக்க வேண்டியது என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்தவரை நான் பிறகு சந்திக்கவில்லை.

மற்றவர்கள் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறார்கள். என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது அதுதான்.

ஐடியாவைக் கடைசிவரை சொல்லாத ஒரு விடுதிக்காரர், "பார்க்க மாதிரிக்கு" என்று விருந்தினர் பதிவேட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். தங்கியவர்களின் பெயர், பாஸ்போர்ட் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருந்தன. நான் உடனே அழித்துவிட்டு அவரையும் அழிக்கச் சொன்னேன். மற்றவர்களின் தகவலைப் பாதுகாப்பதற்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், உங்களை நம்பிப் பாஸ்போர்ட்டைத் தந்தவருக்கு அது செய்யக்கூடாத காரியம்.

அவருடைய டொமைன் பெயரும், அதாவது சைட்டின் முகவரியும், அவருடையதாக இருக்கவில்லை. முன்பு சைட் செய்து கொடுத்த ஒரு தம்பி தன்னுடைய ஈமெயிலில், தன்னுடைய பெயரில் பதிந்திருந்தார். அவர் ஏமாற்ற நினைத்துச் செய்ததில்லை, அந்த நேரம் அது சுலபமாக இருந்திருக்கும். பிறகு அவர் கட்டாருக்குப் போய்விட்டார், பழைய ஈமெயிலையும் பார்ப்பதில்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் அந்த ஈமெயிலுக்கே போயிருக்கிறது. சீசன் நடுவில் ஒரு காலையில் சைட் இல்லை. டொட்கொம் பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது, கூடுதல் காசு கட்டி எடுக்கலாம். ஆனால் அதை எடுக்க வேண்டியவர் கணக்குக்குச் சொந்தக்காரர். அவரைத் தேடிப் பிடித்து, அவருக்கு வந்த உறுதிப்படுத்தும் இலக்கத்தைப் போனில் கேட்டு வாங்கி, மீட்டு முடிப்பதற்குள் அந்த விடுதிக்காரர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஐடியாவுக்கு அவ்வளவு காவல் போட்டவர், தன் பெயர்ப் பலகை யார் கையில் இருக்கிறது என்று வருஷக் கணக்காகக் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. சைட்டில் வங்கி அட்டை மூலம் காசு எடுக்கிற வசதி வேண்டும் என்றால் வங்கியோ பேமன்ட் கம்பனியோ உங்கள் வியாபாரப் பதிவைக் கேட்கும், என்ன விற்கிறீர்கள், காசைத் திருப்பிக் கொடுக்கிற முறை என்ன என்று சைட்டிலேயே எழுதியிருக்கிறதா என்று பார்க்கும். அவர்களிடம் "பிறகு சொல்றன்" என்று சொல்ல முடியாது. சைட் முழுவதும் முடிந்த பிறகு இந்தக் கேள்வி வந்தால் பாதியை உடைத்துத்தான் கட்ட வேண்டும். மற்றது, கடைசி நாளில் வருகிற வாசகம். இரகசியம் என்று வைத்திருந்து திறக்கிறதுக்கு முதல் நாள் இரவு பாமினி எழுத்துருவில் அடித்த ஒரு வேர்ட் கோப்பை அனுப்புவார்கள். பாமினியில் அடித்தது உள்ளே ஆங்கில எழுத்துத்தான், எழுத்துரு மட்டும் அதைத் தமிழாகக் காட்டுகிறது. அப்படியே வலையில் போட்டால் வாசிக்கவும் ஏலாது, கூகுளில் தேடவும் ஏலாது. எங்கும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து, குறில் நெடில் சரி செய்ய நேரம் வேண்டும். உங்கள் வார்த்தையை நான் கவனமாகக் கையாள வேண்டும் என்றால் அதற்கு நாளைத் தாருங்கள்.

"ஐடியா என்னுடையது, வேலை உங்களுடையது, வாற லாபத்தில பாதிப் பாதி" என்று கேட்கிறவர்களுக்கு நான் இல்லை என்றே சொல்கிறேன். என்னவென்று சொல்லாத ஒன்றில் பங்கு எடுத்துக்கொள் என்பது நியாயமான கேள்வி இல்லை. சொல்லிவிட்டுக் கேட்டால் உட்கார்ந்து கதைக்கலாம்.

இந்த வருஷம் யாராவது என்னிடமோ வேறு எவரிடமோ சைட் செய்யக் கொடுப்பதாக இருந்தால், முதல் சந்திப்புக்கு லோகோ வேண்டாம், நிறம் வேண்டாம். உங்களிடம் வருகிற ஒரு வாடிக்கையாளர் வாசலுக்கு வந்ததில் இருந்து காசு கொடுத்துவிட்டுப் போகிறவரை என்ன நடக்கிறது என்று கதை மாதிரிச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்பதைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில், கடையில் அந்த வேலையைத் தினமும் பார்க்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவருக்குத்தான் பாதி விஷயம் தெரியும். ஏற்கெனவே டொமைன் இருந்தால் இந்தக் கிழமையே அந்தக் கணக்குக்குள் நீங்களாகவே நுழைந்து பாருங்கள்: பெயர் யாருடையது, ஈமெயில் யாருடையது, முடிகிற திகதி என்ன. நுழைய முடியாவிட்டால், பதிந்து தந்தவருடைய போன் நம்பர் வேலை செய்யும்போதே கேட்டு உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மே மாதச் சீசனுக்குச் சைட் வேண்டும் என்றால் தைப்பொங்கல் முடிந்த கையோடு வாருங்கள். ஏப்ரலில், சித்திரை வருஷத்துக்கு அச்சகமும் வங்கியும் பூட்டிக் கிடக்கிற நேரத்தில் வந்தால் எனக்கும் ஒன்றும் செய்ய ஏலாமல் போகும்.